தொம்முக்குப் பின்னால் ஓர் உஸ்

கிதியோன் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப் கேன்டீனில் டீ குடிப்பதும் நின்றபடிதான். அப்போதும் மேசைக் காலைச் செருப்பு நுனியால் தட்டிக்கொண்டே இருப்பார். மேசை ஆடினால் போச்சு, டீயை வைத்துவிட்டுக் குனிந்துவிடுவார். சட்டைப் பையில் சின்னச் சின்ன மர ஆப்புகள் நாலைந்து எப்போதும் கிடக்கும். ஆடுகிற மேசை, கிறீச்சிடுகிற கதவு, சடசடக்கிற ஜன்னல் எதுவும் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. மெட்டுகுடாவில் ஏறினால் திருமுல்கேரியில் இறங்கும் வரை, எந்த சீட்டில் எந்த போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

நான் உலகநாதன். செகந்திராபாத்தில் அதே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க். யார் சேர்ந்தார், யார் லீவு, யார் வேலையை விட்டுப் போகிறார் எல்லாம் என் மேசை வழியாகத்தான் மேலே போகும். குவார்ட்டர்ஸில் கிதியோன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் திருநெல்வேலிக் கிறிஸ்தவர், நான் அரக்கோணத்துக்காரன். சாதாரணமாக அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் 'நீங்க' என்பேன்.

அவர் வண்டிப்பெட்டித் தச்சர். ரயில் பெட்டிக்குள் பெஞ்சு, கதவு, சீட்டுக்கு அடியில் வரும் மரப்பெட்டிகள் எல்லாம் அவர் கைவேலை. அவர் கொட்டகைக்கு அடுத்த கொட்டகையில் காலையிலிருந்து சாயந்திரம் வரை ரிவெட் அடிப்பார்கள். அந்த இடியிலும் ஒரு ஸ்குரூ சரியாக ஏறவில்லை என்றால் தன் காதுக்குத் தெரியும் என்பார். நாங்களும் நம்பினோம். குவார்ட்டர்ஸில் யார் ரேடியோ வாங்கினாலும் முதலில் கிதியோன் வந்து கேட்க வேண்டும். சத்தம் என்றால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

காருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்ய அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கே பொறுக்காமல் போனதுதான் காரணம். எண்பத்து நாலில் ஒரு கல்யாணத்துக்கு அம்பாஸிடர் காரில் போனோம். பின் சீட்டுக்கு மேலே மெல்லிய அட்டையில் ஓட்டை போட்டு, துபாயிலிருந்து வந்த இரண்டு ஓவல் ஸ்பீக்கரைச் செருகியிருந்தார்கள். பாட்டு போட்டதும் அட்டை, கண்ணாடி, மேலே வைத்திருந்த டிஷ்யூ பெட்டி எல்லாம் சேர்ந்து பாடின. கிதியோன் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்தார். மறுவாரமே அந்தக் கார்க்காரர் வீட்டுக்குத் தானாகவே போய் அளவெடுத்துவிட்டு வந்தார்.

முக்கால் அங்குல பிளைவுட். மூலைக்கு மூலை தேக்குச் சட்டம். கோந்து தடவி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ. உள்ளே கம்பளித் துணி, வெளியே ரெக்ஸின். ரயில் பெட்டியில் செய்வதுபோல, ரப்பர் வாஷர் வைத்து வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுவார். முடிந்ததும் பெட்டி மேல் ஏறி நிற்பார். பிறகு சத்தமாகப் பாட்டு போட்டு, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கைக்குக் கொஞ்சம்கூட அதிரக் கூடாது.

"ஸ்பீக்கர்தான் பாடணும். பெட்டி வாயத் தொறக்கப்பிடாது" என்பார்.

மூன்று வருஷத்தில் இருபத்தைந்து பெட்டி செய்துவிட்டார். பள்ளத்தில் இறங்கினாலும் அசையாது, மேலே அரிசி மூட்டை வைத்தாலும் தாங்கும் என்று பேர் பரவியது. ராணிகஞ்சில் கார் சாமான் கடை வைத்திருந்த வாசு காதுக்கும் அது எட்டியது. வாசு செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பையன், வாயைத் திறந்தால் நாலு பாஷை ஒன்றாக வரும்.

எண்பத்தேழு ஜூலை பத்தாம் தேதி காலை, கிதியோன் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். ராஜினாமாக் கடிதம்.

"இன்னாயா இது?"

"வாசு கடையில பாதி இடம் தாரேங்கான். போர்டுல எம்பேரு போடுவானாம். ஒண்ணாந்தேதி வரணும்."

"பதினெட்டு வருஷ சர்வீஸ். இன்னும் ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தா பென்ஷனோட போலாம். இப்ப போனா அதுவும் இல்ல. தெரியுமா உனக்கு?"

"ரெண்டு வருஷத்துல அவன் வேற ஆளப் பிடிச்சிருவான்." கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். "ஒரே பெஞ்சு, ஒரே கதவு. மூச்சு முட்டுது உலகு. எங்கை இருக்கு, எங்காது இருக்கு. வேற என்னவே வேணும்?"

ஜெயாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். ஜெயசுந்தரி அவர் மனைவி, பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர். சொல்லிவிட்டாராம். 'உங்க காதை நம்பிப் போறீங்க, போங்க' என்றாளாம். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

மேலே போன கடிதம் திரும்பி வராது. அதனால் மாதக் கடைசித் திங்கட்கிழமை அனுப்புகிறேன், அதுவரை என் டிராயரில் இருக்கட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத்தான் நிம்மதி போனது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் கண்ணில் படும், மேலே வேறு தாளைப் போட்டு மூடுவேன். நல்லதே நடந்தாலும் அவரை இழக்கப்போவது நான்தான் என்ற எரிச்சலும் அதில் இருந்தது, ஒளிப்பானேன்.

வாசு ஒரு நிபந்தனை போட்டிருந்தான். பாலாநகர் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் சீதாராமன் என்று ஓர் அதிகாரி. புதிதாக மாருதி வேன் வாங்கியிருந்தார், கச்சேரி கேசட் என்றால் உயிர். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் ஆபீஸிலிருந்து பன்னிரண்டு வண்டி வரும். அந்த வேனுக்குப் பெட்டி செய்து அவர் வாயால் சரி என்று வாங்கிவிட்டால் கடையில் கிதியோனுக்குப் பாதி இடம்.

கிதியோன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தார். சனிக்கிழமை பெட்டியை மாட்டி, மேலே ஏறி நின்று காட்டினார். சீதாராமன் உள்ளே உட்கார்ந்து வயலின் கச்சேரி ஒன்றைப் போட்டார். தனி ஆவர்த்தனம் வந்ததும் தலையைச் சாய்த்தார்.

"மிஸ்டர் கிதியோன், மிருதங்கத்துல தொம் விழறதோன்னோ, அதுக்குப் பின்னாடியே ஒரு உஸ் வர்றது. சின்னதா. பாம்பு சீறினாப்ல."

கிதியோன் பலகையில் கையை வைத்தார். "பெட்டி கல்லாட்டம் கெடக்கு சார். வண்டியில எதாச்சும் ஆடும். நான் பாக்கேன்."

அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. ஒர்க்‌ஷாப் விட்டதும் பாலாநகருக்கு ஓடுவார். ஜாக்கியைத் துணியில் சுற்றினார். ஸ்பேர் டயருக்கு அடியில் ரப்பர் வைத்தார். கதவு அட்டைகளைக் கழற்றி மாட்டினார். ஒருநாள் சீட்டையே இறக்கிவிட்டார், சீதாராமன் வீட்டம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். ஒவ்வொரு தடவையும் சீதாராமன் உட்கார்ந்து கேட்பார். ஒவ்வொரு தடவையும் "இன்னும் வர்றதே" என்பார். மனிதர் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. அதுதான் கிதியோனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அந்தாளு காதுல வண்டு பூந்திருக்கு" என்றார் என்னிடம். "நீயே வந்து கேளு."

போனேன். வேனின் நடு சீட்டில் உட்கார்ந்தேன். தொம் விழுந்தது, பின்னாலேயே உஸ் என்றது. எனக்குக் கேட்டது. கிதியோன் திரும்பி, "என்ன, ஒண்ணுமில்லைல்லா?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். பயந்து சொல்லவில்லை. அவரே இல்லை என்னும்போது எனக்கு மட்டும் எப்படிக் கேட்கும், மனப்பிரமையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை சீதாராமன் வேனைக் குவார்ட்டர்ஸிலேயே விட்டுவிட்டுப் போனார். "நாளைக்கு மூணு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். அப்பவும் வந்துதுன்னா கழட்டிடுங்கோ, பாதகமில்லை" என்றார். திங்கட்கிழமை கடிதம் மேலே போக வேண்டும். கிதியோன் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பள்ளியிலிருந்து திரும்பிய ஜெயசுந்தரியைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ உக்காந்து கேளு. அந்தாளுக்குத்தான் கோளாறுன்னு உலகுக்கும் தெரியட்டும்."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேசட் ஓடியது.

"கேக்குதே" என்றாள்.

"எங்க?"

"இப்போ." சீட்டின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்போ. இப்போ. அந்தா, மறுபடியும்."

கிதியோன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"உனக்கு?"

"எனக்கும் கேக்குது" என்றேன். "போன வாரமே கேட்டுது."

அவர் பாட்டை நிறுத்தினார். ஜெயசுந்தரி பையை எடுத்துக்கொண்டு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படிப் போனாள் என்று அந்த வீட்டுக்குப் பழக்கமானவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் சர்ச் பாடகர் குழுவில் மேல் சுரம் பாடியவள் அவள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், கிதியோன் வாசலிலேயே சொன்னார்: "உங்குரல்ல பழைய வெளிச்சம் இல்ல ஜெயா. மேல போகையில மங்குது." குத்திக் காட்டுகிற மனிதர் அல்ல அவர். ஒரு போல்ட் லூஸ் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் அங்கியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள்.

எனக்கு ஞாபகம் வந்த இது அவருக்கும் தோன்றியதா என்று தெரியவில்லை. அவர் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வந்தார். பாட்டைப் போட்டுவிட்டு, சுடரைப் பெட்டியின் ஒவ்வொரு விளிம்பிலும் கொண்டுபோனார். மேலே அசையவில்லை. பக்கவாட்டிலும் அசையவில்லை. கீழே, பின் மூலைக்குப் போனதும், ஒவ்வொரு தொம்முக்கும் சுடர் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. சும்மா ஓட்டை இல்லை, ஓரத்துக்குப் பித்தளை வளையம் வேறு போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்னாயா, தண்ணி போற ஓட்டையா?"

ரயில் பெட்டியில் மூடிய மரப்பெட்டி எதைச் செய்தாலும் அடிமூலையில் ஓர் ஓட்டை விட வேண்டும். வண்டி கழுவுகிற தண்ணீர் உள்ளே தேங்கிப் பலகை அழுகிவிடாமல் இருப்பதற்கு. அந்த ஓட்டை இல்லாமல் போர்மேன் கையெழுத்துப் போட மாட்டார். பதினெட்டு வருஷம் போட்ட கை, மாருதி வேனுக்குள் எந்த மழை பெய்யப்போகிறது என்று யோசிக்காமல் இங்கேயும் போட்டுவிட்டது. ஸ்பீக்கர் அமுக்கும்போதெல்லாம் காற்று அதன் வழியாகச் சீறியிருக்கிறது.

கிதியோன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஓர் ஆப்பை எடுத்துச் செதுக்கி, கோந்து தடவி அடித்தார். காய்ந்ததும் ஜெயசுந்தரியைக் கூப்பிட்டார்.

"இப்ப கேக்கா?"

"இல்ல."

"நல்லாக் கேளு."

"இல்லங்க. போயிட்டு."

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு உலகு. அடைக்கதுக்கு முந்தியும் பெறவும்." பையில் மிச்சமிருந்த ஆப்புகளை எண்ணிவிட்டு, "இருவத்தஞ்சு பெட்டியிலயும் ஓட்டை போட்டிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. ஒரு பை நிறைய ஆப்பும் கோந்தும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். மத்தியானத்துக்குள் ஒன்பது வீடு போய் ஒன்பது பெட்டியை அடைத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார், உஸ் என்று ஒரு சத்தம் வந்ததா என்று. வந்தது என்றார்களாம் ஆறு பேர். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க செஞ்சதாச்சே, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார்களாம்.

அங்கிருந்து வாசு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வாசு அசரவில்லை. "காய்கூ இவ்ளோ டென்ஷன், எதுக்கு அண்ணா? ஹவ், ஆமா, ஒரு ஓட்டை, அடைச்சாச்சு. நம்ம கஸ்டமருக்கு தும் தும்னு வந்தா போதும். காது விஷயம் யாருக்கும் சொல்ல நக்கோ, வேணாம். நீ ஒண்ணாந்தேதி வா" என்றானாம். சீதாராமனும் மூன்று மணிக்கு வந்து கேட்டுவிட்டு, "அபாரம்" என்று கையைக் குலுக்கிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். ஆக எந்தத் தடையும் இல்லை. கடை இருந்தது, பன்னிரண்டு வண்டி இருந்தது, மறுநாள் திங்கட்கிழமை.

நாலு மணிக்குக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் சனிக்கிழமையே டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. ஜெயசுந்தரி தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கிதியோன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னா முடிவு? நாளைக்கு மேலே அனுப்பட்டா, வாணாமா?"

"குடு."

கொடுத்தேன். பிரிக்காமலே நாலாகக் கிழித்தார்.

"வாசு வரச் சொல்றானே" என்றேன்.

"சொல்லுதான். உஸ்ஸுன்னா என்னன்னு தெரியாதவன் அங்க போயி எத வச்சிச் சரிபாக்கது? நாளைக்கு ஒருத்தரு பணத்தக் குடுத்துட்டு, நாஞ்சொன்னேன்னு பேசாம இருந்துருவாரு. வேண்டாம்." நடை நின்றது. "ஜெயா."

அவள் நிமிரவில்லை.

"உங்குரல் மங்கல. மேல் சத்தத்துக்கு எங்காதுதான் மங்கிருக்கு. அப்பவே மங்கிருக்கு."

"தெரியும்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து வண்டியில. நான் விரலத் தட்டுதேன், நீங்க விரலப் பாக்கிய."

"பெறவு ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"அத நீங்கதான சொல்லணும்."

கிதியோன் ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். மறுபடியும் பாடு என்று சொல்ல நினைத்திருப்பார். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயசுந்தரி சிவப்பு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசிக் கிறிஸ்மஸுக்கு நீங்களும் வந்திருந்திய. நான் பாடுனது எப்படி இருந்துச்சு?"

அன்று நானும் என் மனைவியும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் குரல் தனியாக மேலே ஏறியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பக்கத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்திச்சும்மா" என்றேன். "கடைசி பெஞ்சு வரிக்கும் கணீர்னு கேட்டுது."

"இவிய மங்குதுன்னு சொன்னப்ப, வாசல்ல நான் உங்களத்தான் பாத்தேன். நீங்களும் ஆமான்னு தலையாட்டுனிய."

கிதியோன் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வழியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"அவரு சொன்னாரேன்னு ஆட்டுனேன்மா."

அவள் அடுத்த நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"நானும் அவிய சொன்னாகளேன்னுதான் விட்டேன், அண்ணாச்சி" என்றாள்.